பேரூராட்சி ஆபீசில் நாம் செய்கிற தப்புகள்

இறப்புச் சான்றிதழில் ஒரு 'யன்' விட்டுப்போனதற்காக எட்டு மாதம் அலைந்தவன் என்ற தகுதியில் இதை எழுதுகிறேன். அப்பா பெயர் ஆதாரில் சுப்பிரமணியன். அவர் இறந்த அன்று ஆஸ்பத்திரியில் நீட்டிய படிவத்தில் சொந்தக்காரர் ஒருவர் வாய்க்குப் பழகிய மாதிரி சுப்பிரமணி என்று எழுதிக் கொடுத்துவிட்டார், யாரும் திரும்பப் படிக்கவில்லை, அந்த நேரத்தில் யார்தான் படிப்பார்கள். சான்றிதழும் அப்படியே வந்தது. அதை வைத்துத் தாசில்தார் ஆபீசில் வாரிசுச் சான்று கேட்டால் பெயர் ஒத்துப்போகவில்லை என்றார்கள், வாரிசுச் சான்று இல்லாமல் பேங்கில் ஒரு வேலையும் நகரவில்லை, பேரூராட்சியில் போய்க் கேட்டால் "ஆஸ்பத்திரியில எழுதிக் குடுத்ததைத்தான சார் ஏத்துனோம்" என்றார்கள். அதுவும் நியாயம்தான். இறந்தவரின் ஆதார் நகலை வைத்துக்கொண்டு எழுத்துக்கு எழுத்து பார்த்துப் படிவம் நிரப்பியிருந்தால் ஐந்து நிமிஷ வேலை. துக்க வீட்டில் நிதானமாக இருக்கிற ஒருவரிடம் இந்தப் பொறுப்பைக் கொடுங்கள், அது மருமகனாக இருக்கட்டும், பக்கத்து வீட்டுக்காரராக இருக்கட்டும்.

பிறப்பில் வேறு மாதிரி தப்பு நடக்கிறது. நாம் குடியிருக்கிற ஊரில் பதியவேண்டும் என்று நினைத்துக்கொள்கிறோம். இல்லை, குழந்தை எங்கே பிறந்ததோ அந்த இடத்துப் பதிவாளரிடம்தான் பதிவு. தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போய் மதுரையில் பிறந்த குழந்தைக்கு இங்கே வந்து சான்றிதழ் கேட்டால் கிடைக்காது. 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை, அப்புறம் தாமதக் கட்டணம், 30 நாள் தாண்டினால் அதோடு அனுமதியும் வேண்டும், ஒரு வருஷம் தாண்டிவிட்டால் கோட்டாட்சியர் அளவில் உத்தரவு வாங்கவேண்டும், பேரூராட்சியில் யாரைப் பிடித்தாலும் நடக்காது. பெயர் இல்லாமல் பதிந்திருந்தால் 12 மாதம் வரை சும்மா சேர்க்கலாம், அதற்குப் பிறகு கட்டணம் கட்டி 15 வருஷம் வரை சேர்க்கலாம். ஆனால் ஒருமுறை ஏறிய பெயரை ஜோசியக்காரர் சொன்னார் என்று மாற்றித் தரச் சொன்னால் முடியாது, எழுத்துப் பிழையைத் திருத்துவது வேறு, பெயரையே மாற்றுவது வேறு. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் பாஸ்போர்ட் வரை பிறந்த தேதிக்கு இந்தச் சான்றிதழ்தான் ஆதாரம், பழைய காலம் மாதிரி டி.சி.யை நீட்டிச் சமாளிக்க முடியாது.

சரி, வீடு நிலம் விஷயத்துக்கு வருவோம். அதிகக் குழப்பம் இங்கேதான். ரிஜிஸ்டர் ஆபீசில் பத்திரம் பதிந்துவிட்டால் எல்லாம் நம் பெயருக்கு வந்துவிட்டது என்று நினைக்கிறோம். பத்திரம் பதிவுத் துறை, பட்டா வருவாய்த் துறை, வீட்டு வரி பேரூராட்சி, மூன்றும் தனித்தனிப் புத்தகம். வரிவிதிப்பில் பெயர் மாற்றப் பத்திர நகலோடு தனியாக விண்ணப்பம் போடவேண்டும், குடிநீர் இணைப்பும் பழைய பெயரில் இருந்தால் அதற்கும் சேர்த்தே கேட்டுவிடுங்கள். மாற்றாமல் விட்டால் பத்து வருஷம் ஒன்றும் தெரியாது, விற்கப் போகும்போதோ லோன் போடும்போதோதான் செத்துப்போன யாரோ ஒருவர் பெயரில் நாம் வரி கட்டிக்கொண்டிருப்பது தெரியவரும். இதன் மறுபக்கமும் உண்டு: வரி ரசீது என் பெயரில் இருக்கிறது, அதனால் இடம் என்னுடையது என்று பங்காளிச் சண்டையில் வாதாடுபவர்கள். வரி ரசீது உரிமைப் பத்திரம் ஆகாது.

வரி அரையாண்டுக் கணக்கு, ஏப்ரல் ஒன்று, அக்டோபர் ஒன்று. அந்த முதல் மாதத்திலேயே கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை கழிக்கிறார்கள், உச்சவரம்பு 5,000 ரூபாய். பலர் பில் கலெக்டர் வீட்டு வாசலுக்கு வரட்டும் என்று இருந்துவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள். ஆன்லைனிலேயே கட்டலாம், கையில் கொடுத்தால் ரசீதில் வரிவிதிப்பு எண் நம்முடையதுதானா என்று அங்கேயே நின்று பாருங்கள். காலிமனைக்கு வரி கிடையாது என்ற நம்பிக்கையும் ஊரெங்கும் இருக்கிறது. வரி உண்டு, கட்டவேண்டும், கட்டாமல் விட்டவர்கள் வீடு கட்ட அனுமதி கேட்கப் போகும்போது பழைய பாக்கியை மொத்தமாகப் பார்த்து மலைத்து நிற்பார்கள்.

வீடு கட்ட அனுமதியில் இப்போது புதிதாக ஒரு தப்பு சேர்ந்திருக்கிறது. 2024 ஜூலையில் சுயசான்று முறை வந்தது, அதாவது விதிப்படிதான் கட்டுகிறோம் என்று நாமே சான்று கொடுப்பது, 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடிக்குள் தரைத்தளமும் முதல் தளமும் கட்டுபவர்கள் ஆன்லைனில் பதிந்து, கட்டணம் கட்டி, உடனே அனுமதி எடுத்துக்கொள்ளலாம். இதைச் சிலர் "இனிமே பர்மிஷனே வேண்டாமாம்" என்று புரிந்துகொண்டு கொத்தனாருக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டார்கள். அனுமதி வேண்டும், முறைதான் சுலபமாகியிருக்கிறது. மனைக்கு அங்கீகாரம் இல்லையென்றால் அந்தச் சுலபமும் கிடையாது.

அடுத்தது மனு. தெருவிளக்கு எரியவில்லை, சாக்கடை அடைத்திருக்கிறது, குடிநீர் வரவில்லை, பட்டா வேண்டும், ரேஷன் கடையில் எடை குறைகிறது, இத்தனையும் ஒரே தாளில். வாங்குபவர் எந்த செக்ஷனுக்கு அனுப்புவார்? பட்டா தாலுகா ஆபீஸ், ரேஷன் வட்ட வழங்கல், பஸ் போகிற பெரிய ரோடு பெரும்பாலும் நெடுஞ்சாலைத் துறை. ஊர் ஓரத்தில் குடியிருந்தால் உங்கள் தெரு பேரூராட்சியா, பக்கத்து ஊராட்சியா என்பதையே முதலில் பார்க்கவேண்டும். ஒரு மனுவுக்கு ஒரு விஷயம் போதும். செயல் அலுவலர் பெயருக்கு எழுதி, இன்னொரு நகலில் தேதியோடு சீல் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு வந்தால் அவரே நல்லவராக இருந்தாலும் மறந்துவிடுவார், மாற்றலாகிப் போனால் கதை முடிந்தது. நேராகத் திங்கட்கிழமை கலெக்டரிடம் கொடுக்கிறேன் என்று போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன், அந்த மனு சுற்றிக்கொண்டு இதே செயல் அலுவலர் மேஜைக்குத்தான் வரும்.

பல்பு மாற்றுவது அன்றே நடக்கிற வேலை, வடிகால் கட்டுவது அப்படியல்ல. மதிப்பீடு போட்டு, மன்றக் கூட்டத்தில் தீர்மானம் ஆகி, டெண்டர் விட்டு, அப்புறம்தான் ஜல்லி வந்து இறங்கும். கூட்டம் முடிந்த மறுநாள் கவுன்சிலரைப் பிடித்துச் சத்தம் போடுவதில் பிரயோஜனம் இல்லை, அடுத்த கூட்டத்தின் பொருள் பட்டியல் (அஜெண்டா) தயாராவதற்கு முன்னால் போய்ச் சொல்லி, சேர்ந்ததா என்று கேளுங்கள். அதற்கும் அசையாவிட்டால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது, 10 ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். அதிலும் தப்பு செய்கிறோம், "எங்கள் தெருவை ஏன் புறக்கணிக்கிறீர்கள்" என்று கேட்கிறோம். ஏன் என்ற கேள்விக்கு அவர்கள் பதில் சொல்லவேண்டியதில்லை. இன்ன தேதியில் கொடுத்த மனு மீது எடுத்த நடவடிக்கை விவரம், அது தொடர்பான தீர்மானத்தின் நகல், மதிப்பீட்டின் நகல் என்று காகிதத்தைக் கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் மேல்முறையீட்டு அலுவலருக்கு இன்னொரு தாள் எழுதவேண்டும், முதல் மனுவின் சீல் வைத்த நகலையும் அதோடு இணையுங்கள்.