ரத்தக்குழாய் லிம்போமாவைத் தோலில் கண்டுபிடிப்பது எப்படி?

அறுபதைத் தாண்டியவருக்கு மூன்று வாரமாகக் காய்ச்சல் விடவில்லை. கொங்குப் பக்கம் முதலில் ஸ்க்ரப் டைபஸ் (உண்ணிக் காய்ச்சல்), காசநோய், மாடு கன்று வைத்திருப்பவரென்றால் புரூசெல்லா என்று பார்ப்போம். அந்த வரிசை சரிதான். அதெல்லாம் இல்லையென்று வந்து, எங்கும் நெறி கட்டாமல், ரத்தத்தில் எல்டிஎச் என்ற நொதி ஏறி, ஹீமோகுளோபினும் பிளேட்லெட்டும் இறங்கிக்கொண்டே போனால், ரத்தக்குழாய்க்குள் வளரும் பி-செல் லிம்போமாவை, அதாவது ஒருவகை வெள்ளணுவில் வரும் புற்றுநோயை, நினைக்க வேண்டும். பேச்சில் குழப்பம், மூச்சுத்திணறல் சேர்ந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

இந்தச் செல்கள் கட்டியாகத் திரளாமல் நுண்குழாய்களுக்குள்ளேயே அடைத்துக் கிடக்கும். அதனால் ஸ்கேனில் பிடிபடாமல் போகலாம்.

பகல் வெளிச்சத்தில் தோலைப் பாருங்கள். தொடை, அடிவயிறு, முதுகு எல்லாம் பார்க்க வேண்டும். வேட்டியும் சேலையும் மறைக்கும் இடம் என்பதால் பெரியவர்கள் கூச்சப்படுவார்கள். "ஐயா, தொடையையும் ஒருக்காப் பாத்துக்கறனுங்க, வேட்டியைக் கொஞ்சம் ஒதுக்குங்க" என்று பக்குவமாகச் சொன்னால் மறுக்க மாட்டார்கள். நம் நிறத்தில் சிவப்பு எடுப்பாகத் தெரியாது. கருநீலமாகவோ பழுப்பாகவோ கெட்டிப்பட்ட திட்டு, கிளைவிட்ட மெல்லிய ரத்தக்குழாய்க் கோடுகள், வீக்கம் என்று இருக்கும். வயதானவர்களிடம் சாதாரணமாகக் காணும் சிவப்பு ரத்த மச்சத்தையும் தள்ளிவிடாதீர்கள். அதற்குள்ளும் இந்தச் செல்கள் தங்கும்.

தோலில் ஒன்றுமே தெரியாவிட்டாலும் பயாப்ஸி (சோதனைக்குத் தோல் துண்டு) எடுக்கலாம், எடுக்கவும் வேண்டும். இரண்டு தொடை, வயிறு, மேற்கை என்று குறைந்தது மூன்று இடம். தெரிகிற திட்டோ மச்சமோ இருந்தால் அதையும் சேருங்கள்.

பெரும்பாலும் தவறு நடப்பது ஆழத்தில்தான். 4 மி.மீ. பஞ்ச் (வட்டமாகத் துளைத்தெடுக்கும் கருவி) போட்டால் கொழுப்பு பல நேரம் கழன்று உள்ளேயே நின்றுவிடும். செல்கள் அதிகம் கிடைப்பதோ அந்தக் கொழுப்பிலுள்ள குழாய்களில். ஆகவே கத்தியால் நீள்வட்டமாக, சுமார் 2 செ.மீ. நீளத்துக்கு வெட்டி, மஞ்சள் கொழுப்பு துண்டோடு ஒட்டி வருகிறதா என்று கண்ணால் பார்த்த பிறகே தையல் போடுங்கள். பிளேட்லெட் குறைவென்றால் கூடுதல் நேரம் அழுத்திப் பிடிக்க வேண்டும்.

துண்டை 10 சதவீத ஃபார்மலினில், அதன் அளவைப்போல் பத்து மடங்கு ஊற்றி வையுங்கள். தாராபுரத்திலிருந்து கோவை லேபுக்குப் போகிறதென்று உப்புநீரில் போட்டால் துண்டு கெட்டுவிடும். சீட்டில் "ரத்தக்குழாய் லிம்போமா சந்தேகம், கொழுப்பில் பல மட்டம் வெட்டிப் பார்க்கவும்" என்று எழுதுங்கள். எழுதாவிட்டால் நாலைந்து செல்கள் கண்ணில் படாமலே போகும்.

லேபில் குழாய்க்குள் தெரியும் பெரிய செல்கள் இந்த லிம்போமாவென்றால், பி-செல்லைக் காட்டும் சிடி20 சாயம் ஏறும். சிடி31 சாயம் குழாயின் உட்சுவரைக் காட்டும். 1959-ல் முதன்முதலில் விவரித்தவர்களே இதை உட்சுவர்ச் செல்களின் நோய் என்றுதான் நினைத்தார்கள். ஆகவே இரண்டையும் பிரித்தறிய இரண்டு சாயமும் தேவை. சிடி20 ஏறாவிட்டால் டி-செல், என்கே-செல் என்ற வேறு வெள்ளணு வகையா என்று சிடி3, சிடி56 சாயங்களில் பார்க்கச் சொல்லுங்கள்.

நிலைமை தாங்குமென்றால் பயாப்ஸிக்கு முன் ஸ்டீராய்டு கொடுக்காதீர்கள். கொடுத்தால் செல்கள் கரைந்து, நோய் இல்லையென்று பொய்யாக முடிவு வரலாம். முதல் முறை இல்லையென்று வந்தும் எல்டிஎச் ஏறிக்கொண்டே போனால், வேறு இடங்களில் மறுபடியும் எடுங்கள், எலும்பு மஜ்ஜையோடு சேர்த்து.