கோவிட் ஆய்வில் யாரும் தொடாத இடத்தைத் தேடுவது எப்படி?

மார்த்தாண்டம் பக்கம் ஒரு நர்சிங் கல்லூரியில் நூலகராக இருக்கிறேன். ஆய்வேட்டுப் பருவம் வந்தால் எம்.எஸ்சி. பிள்ளைகள் மேசை முன்னால் வந்து நிற்பார்கள்: "சார், கோவிட்ல யாரும் பண்ணாத தலைப்பு ஒண்ணு சொல்லுங்க." தலைப்பை நான் சொல்வதில்லை, தேடுகிற வழியைச் சொல்லிக்கொடுப்பேன். வேண்டியது இணையமும் எக்ஸெலும்தான்.

முதலில் பப்மெட், மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் இணையதளம், இலவசம். நோயின் எல்லாப் பெயரையும் போட்டு, நடுவில் ஆங்கிலப் பெரிய எழுத்தில் 'ஆர்' (OR, அல்லது) சேருங்கள். 'கோவிட்-19' என்ற பெயரே 2020 பிப்ரவரி 11-ல்தான் வந்தது. அதற்கு முந்தைய கட்டுரைகளில் '2019-என்கோவ்' என்று இருக்கும். 'லாங் கோவிட்' தேடினால் 'போஸ்ட் கோவிட் கண்டிஷன்' என்பதையும் சேர்க்க வேண்டும்.

வெறும் கோவிட் என்று தேடினால் லட்சக்கணக்கில் கொட்டும். பப்மெட்டிலிருந்து ஒரு தடவைக்கு 10,000 பதிவுகள்தான் இறக்க முடியும். அதனால் 'புற்றுநோய் சிகிச்சை', 'இந்தியா' என்று வலையைச் சுருக்கிவிட்டு, எக்ஸெலில் திறக்கிற சி.எஸ்.வி. கோப்பாக இறக்குங்கள். அதில் கட்டுரைச் சுருக்கம் வராது. ஆனால் 'கிரியேட் டேட்' (பப்மெட்டில் பதிவான தேதி) என்றொரு நெடுவரிசை இருக்கும். அதிலிருந்து மாதத்தைப் பிரித்தெடுங்கள். பெருந்தொற்றுக்கு ஆண்டுக் கணக்கு போதாது. 2020 ஜூன் ஒரு மாதத்திலேயே, ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் என்ற மலேரியா மருந்தால் பலனில்லை, ஆக்சிஜன் தேவைப்பட்டவர்களிடம் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மரணத்தைக் குறைக்கிறது என்று பிரிட்டனின் ரெக்கவரி மருந்துச் சோதனை அடுத்தடுத்து அறிவித்தது. ஆண்டு வாரியாகப் படம் போட்டால் இந்தத் திருப்பமே தெரியாது.

அடுத்ததுதான் முதுகு ஒடியும் வேலை. ஒவ்வொரு கட்டுரைக்கும் நீங்களே நாலு நெடுவரிசை நிரப்ப வேண்டும்: யாரிடம் செய்தது, எங்கே, என்ன கேள்வி, எந்த வகை ஆய்வு. ஆசிரியரின் முகவரி நாகர்கோவில் என்றிருந்தால் நோயாளிகளும் நம்ம ஊர் என்று எழுதிவிடாதீர்கள். ஆய்வுமுறைப் பகுதியைத் திறந்து பாருங்கள். கடிதங்கள், தலையங்கங்களைத் தனியாக ஒதுக்குங்கள். ப்ரீப்ரிண்டாக (நிபுணர் சரிபார்க்குமுன் இணையத்தில் போடும் வடிவம்) வந்து பிறகு இதழிலும் வந்ததை ஒன்றாகவே எண்ணுங்கள். வாபஸ் ஆனவற்றையும் குறித்து வையுங்கள். லான்செட் மருத்துவ இதழில் 2020 மே 22-ல் வந்த ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் கட்டுரை, மூலத்தரவைச் சரிபார்க்க முடியாமல் ஜூன் 4-ல் வாபஸ் ஆனது. நடுவில் உலக சுகாதார நிறுவனமே அந்த மருந்துச் சோதனையை நிறுத்தி வைத்தது. அதைப் பற்றிய கடிதங்களையெல்லாம் ஆய்வு என்று எண்ணினால், சிகிச்சை பற்றி நிறைய வேலை நடந்ததுபோல வரைபடம் ஏமாற்றும்.

சரி, எக்ஸெலில் பிவட் டேபிள் (எந்தக் கட்டத்தில் எத்தனை கட்டுரை என்று எண்ணித் தரும் அட்டவணை) போடுங்கள். கீழ்வாக்கில் மக்கள், குறுக்கே கேள்விகள். காலிக் கட்டத்தைக் கண்டதும் "கிடைச்சாச்சு சார்" என்று துள்ளுவார்கள். பொறுங்க மக்களே. அண்டி ஆபீஸ் (முந்திரி ஆலை) பெண்களைப் பற்றி ஒன்றுமில்லை என்றால், 'அமைப்புசாராத் தொழிலாளர்' என்ற பேரில் இருக்கிறார்களா பாருங்கள். இந்தியாவின் மருத்துவச் சோதனைகளைப் பதிவுசெய்யும் சி.டி.ஆர்.ஐ. பதிவேட்டில் யாராவது ஏற்கெனவே தொடங்கியிருக்கிறார்களா பாருங்கள். எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்துக்குப் போன ஆய்வேடுகள் பப்மெட்டில் வராது, அவற்றைத் தனியாகத் தேட வேண்டும். அப்புறம், அந்தக் கட்டம் நிரம்பினால் யாருக்கு லாபம் என்றும் கேளுங்கள். இன்னொரு 'விழிப்புணர்வு மதிப்பீடு' கேள்வித்தாள் யாருக்கும் வேண்டாம். இப்படிச் சொன்னால் சில ஆசிரியர்களுக்கு என்மேல் கோபம்தான் வரும்.

கட்டுரைகளில் வரும் சொற்களைப் படமாக்கும் வி.ஓ.எஸ்.வியூவர் மென்பொருளைப் போட்டு வண்ணவண்ண உருண்டை வரைவது இப்போது ஃபேஷன். எந்த ஆண்டு எந்தச் சொல் பெருகியது என்று பார்க்க அது கொள்ளாம். ஆனால் எழுதப்படாத விஷயத்துக்கு அதில் உருண்டையே கிடையாது. இடைவெளியைத் தேட அது உதவாது.

நான் மறுபக்கத்திலிருந்தும் தேடச் சொல்வேன். 2020 ஊரடங்கில் களியக்காவிளையில் கேரள எல்லை அடைபட்டபோது, கீமோவுக்கும் இதய நோய்க்கும் திருவனந்தபுரம் போய்வந்துகொண்டிருந்த நம்ம ஆட்கள் என்ன செய்தார்கள்? எத்தனை சுற்று விட்டுப்போனது, எங்கே மாற்றிக்கொண்டார்கள், மருந்து எப்படி வந்தது? மாநிலவாரியாகவோ ஆஸ்பத்திரிவாரியாகவோ எண்ணும் ஆய்வில், வீடு ஒரு பக்கமும் வைத்தியம் மறுபக்கமும் இருப்பவர் எளிதாக நழுவிவிடுவார். வள்ளவிளை, தூத்தூர் ஆழ்கடல் மீனவர்களையும் இதே கண்ணோடு பாருங்கள். மாதக்கணக்கில் வேறு மாநிலத் துறைமுகங்களில் கிடப்பவருக்கு தடுப்பூசியின் இரண்டாம் டோஸ் எங்கே, எப்போது கிடைத்தது? இந்தக் கேள்விகளை உங்கள் அட்டவணையில் போட்டு, அந்தக் கட்டம் காலியா என்று பாருங்கள்.

காலியாகவே இருந்தாலும் ஆய்வேட்டில் 'இதுவரை யாரும் செய்யவில்லை' என்று எழுதாதீர்கள். 'இன்ன தளங்களில், இன்ன சொற்களைக் கொண்டு, இன்ன தேதிவரை தேடியதில் கிடைக்கவில்லை' என்று எழுதுங்கள். தேடல் வரியை அப்படியே நகலெடுத்து, தேதியோடு பின்னிணைப்பில் போடுங்கள். வைவாவுக்கு (வாய்மொழித் தேர்வு) முந்தின வாரம் அதே வரியை இன்னொரு தடவை ஓட்டிப் பாருங்கள், புதிதாக ஏதாவது வந்திருக்கும்.