பால்வாடிப் பிள்ளைகளின் வாழ்க்கைத்திறனை அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

முன்பின் தெரியாத ஒருவர் வந்து, நான்கு வயதுப் பிள்ளையை எதிரில் உட்காரவைத்து, "உன் ஃப்ரெண்டு அழுதா நீ என்ன பண்ணுவ?" என்று கேட்பார். பிள்ளை வாய் திறக்காது. படிவத்தில் 'பிறர் மனதை உணர்தல்' கட்டத்தில் சைபர் விழும். அதே பிள்ளை சாப்பாட்டு நேரத்தில் டிரம்மிலிருந்து மக்கில் தண்ணீர் மொண்டு, கை எட்டாத சின்னதுக்கு முதலில் ஊற்றிவிட்டு, அப்புறம்தான் தன் கையைக் கழுவும். பார்த்துக் குறிக்க வேண்டியது அதைத்தான். இந்த வயதில் செய்யத் தெரிந்ததையெல்லாம் வாயால் சொல்லத் தெரியாது. 2022-ல் வந்த அடித்தள நிலைக்கான (3 முதல் 8 வயது) தேசியக் கலைத்திட்டச் சட்டகமும், 3 முதல் 6 வயதுவரை தேர்வு வைப்பது பொருந்தாது என்கிறது; பிள்ளையைக் கவனிக்கச் சொல்கிறது. அதையும் ஒரே நாளில் முடித்துவிடாதீர்கள். தூக்கம் கெட்ட நாளில் எந்தப் பிள்ளையும் சிணுங்கும்.

பெரிய பிள்ளைகளின் பட்டியலை அப்படியே இறக்குவது அடுத்த தவறு. உலக சுகாதார நிறுவனத்தின் 10 வாழ்க்கைத்திறன்கள் பள்ளிப் பிள்ளைகளையும் வளரிளம் பருவத்தினரையும் நினைத்து எழுதப்பட்டவை. மூன்று வயதில் எதைப் பார்த்து 'விமர்சனச் சிந்தனை'க்கு மதிப்பெண் போடுவது? செருப்பைத் தானே மாட்டுவது, தன் முறை வரும்வரை நிற்பது, வேண்டியதை அழாமல் கேட்பது என்று கண்ணுக்குத் தெரியும் செயலாக எழுதுங்கள். செய்கிறது, செய்யவில்லை என்ற இரண்டு கட்டம் போதாது. தானாகச் செய்கிறதா, சொன்னால் செய்கிறதா, கையைப் பிடித்தால் செய்கிறதா? பிள்ளை வளர்வது இந்த மூன்றுக்கும் நடுவில்தான் தெரியும்.

சொன்ன பேச்சு கேட்டு மூலையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கே அதிக மதிப்பெண் விழுவது எனக்கு உறுத்தும். அடக்கம் வேறு, திறன் வேறு. "அது என்னுது, குடு" என்று கேட்கவும் ஒரு திறன் வேண்டும்.

வயதை மாதத்தோடு எழுதுங்கள். 3 வருஷம் 1 மாதமும் 3 வருஷம் 11 மாதமும் ஒன்றல்ல. வடசென்னையில் ராயபுரம், வண்ணாரப்பேட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கோ உருதுவோ பேசும் பிள்ளைகள் உண்டு. அவர்கள் தமிழில் பதில் சொல்லாததைப் பேச்சுத்திறன் குறைவு என்று குறித்துவிடாதீர்கள்.

பெற்றோர் படிவத்தை யாரிடம் கொடுக்கிறோம் என்பதும் முக்கியம். காசிமேட்டில் மீன் எடுக்கும் அம்மா விடியும் முன்னே ஏலத்துக்குப் போய்விடுவார். எழுப்பி, பல் தேய்த்துவிட்டு, பட்டன் போட்டுக் கூட்டிவருவது வீட்டிலிருக்கும் ஆயா, அதாவது பாட்டி. அவரைக் கேளுங்கள். டீச்சர் சொல்வதும் ஆயா சொல்வதும் வேறுபட்டால் சராசரி போடாமல் தனித்தனியாக எழுதுங்கள். வீட்டில் ஊட்டிவிட்டால்தான் சாப்பிடும் பிள்ளை, பால்வாடியில் தட்டைத் தானே காலி செய்வது சகஜம்.