அலுமினியம் இரும்பு இல்லை: பழைய பெயின்ட் உரிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரக் கடற்காற்று கார் பெயின்டைச் சும்மா விடாது. இங்கே சாட்ஸ்வொர்த்தில் எங்கள் பக்கம் பழைய ட்வின் கேம் கொரோலா காரை இன்னும் பிள்ளையைப் போலப் பார்த்துக்கொள்கிறவர்கள் உண்டு. மேக்ஸ் வீல் என்கிற அலுமினியக் கலவை வீலிலும், எஞ்சினின் மேல்மூடியான டாப்பெட் கவரிலும் பெயின்ட் உப்பிக்கொண்டு வந்தால், வீட்டிலேயே உரித்துவிடலாம் என்று உட்காருகிறார்கள். உரிக்கலாம். ஆனால் இரும்பு கேட்டுக்குச் செய்வதை அலுமினியத்துக்குச் செய்யக் கூடாது.

முதல் தவறு காஸ்டிக் சோடா. என் அத்தை மகன் கேட்டை உரித்து மிஞ்சிய கரைசலில் டாப்பெட் கவரை முக்கிவைத்தான். கொஞ்ச நேரத்தில் வாளி நுரைத்துப் பொங்கியது, தொட முடியாத சூடு. வெளியே எடுத்தால் பெயின்ட் போயிருந்தது, அதோடு மூடியில் புடைத்திருந்த எழுத்துகளின் விளிம்பும் மழுங்கியிருந்தது. கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் உட்காரும் இடம் முழுக்கச் சொரசொரப்பு. மாட்டிய பிறகு ஆயில் கசிந்துகொண்டே இருந்தது. அலுமினியத்தைக் காப்பது அதன் மேல் தானாகப் படியும் மெல்லிய ஆக்சைடு படலம்தான். காஸ்டிக் அதைக் கரைத்துவிட்டு உலோகத்தையே தின்னும். அப்போது வரும் ஹைட்ரஜன் வாயு ஒரு தீப்பொறிக்குப் பற்றிக்கொள்ளும். சாக்கடை அடைப்பு நீக்கும் பவுடர், ஓவன் கிளீனர் பலவற்றிலும் இதே சரக்குதான் இருக்கிறது, லேபிளைப் படியுங்கள்.

அடுத்தது நெருப்பு. இரும்பு சூடானால் சிவந்து காட்டிக்கொடுக்கும். அலுமினியம் 660 டிகிரியில் உருகும், அதுவரை நிறமே மாறாது. மேக்ஸ் வீல்களில் பெரும்பாலானவை சூட்டில் பதப்படுத்திப் பலமேற்றியவை. 200 டிகிரி தாண்டினால் அந்தப் பலம் இறங்கத் தொடங்கும். குடும்பத்தோடு ஹைவேயில் போகிற வீல் அது. புளோ டார்ச்சைத் தயவுசெய்து தொடாதீர்கள்.

அலுமினியத்துக்கு ஏற்றது என்று எழுதியிருக்கும் ஸ்ட்ரிப்பர், அதாவது பெயின்ட் உரிக்கும் மருந்து போதும். டயர், ரப்பர் சீல் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத் தடிமனாகப் பூசுங்கள். பலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள், அது காய்ந்து ஒட்டிக்கொள்கிறது. சாப்பாடு மூடும் பிளாஸ்டிக் தாளைச் சுற்றிவையுங்கள். கொஞ்ச நேரத்தில் பெயின்ட் சுருங்கி எழும்பும். பிளாஸ்டிக் கரண்டியால் வழித்தாலே வரும்.

ஸ்ட்ரிப்பரில் மெத்திலீன் குளோரைடு இருந்தால் வேறு வாங்குங்கள். மூடிய கராஜில் அதன் ஆவி தரைமட்டத்தில் தேங்கி ஆளையே கொன்றிருக்கிறது. வீட்டு உபயோகத்துக்கு அதை விற்க அமெரிக்கா 2019இல் தடை போட்டது.

சாதாரண இரும்புக் கம்பி பிரஷ் வேண்டாம். உடைந்த துகள் அலுமினியத்தில் பதிந்து, ஈரம் பட்டதும் அங்கேயே அரிப்பு தொடங்கும். நைலான் பிரஷ் போதும். ஆற்று மணலைக் காற்றழுத்தத்தில் பீய்ச்சி பிளாஸ்ட் செய்வதும் கூடாது. நம் நாட்டுத் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களின் நுரையீரலை அழித்த சிலிக்கா தூசிதான் அதிலும் பறக்கும்.

வழித்த கசடை மழைநீர்க் கால்வாயில் ஊற்றாதீர்கள், அது உம்லதுசானா ஆற்றுக்கும் அப்புறம் கடலுக்கும் போகும். கழுவி நன்றாகக் காயவைத்த பிறகு வெறுங்கையால் தொட வேண்டாம், விரல் எண்ணெய் பட்ட இடத்தில் பெயின்ட் பிடிக்காது. இந்த ஊர் ஈரக்காற்றில் இரவு முழுக்க வைக்காமல் அன்றைக்கே எட்ச் பிரைமர், அதாவது உலோகத்தைக் கவ்விப் பிடிக்கும் முதல் பூச்சு அடித்துவிடுங்கள்.