கரண்ட் போனாலும் கிராமம் தாங்க வேண்டும்: டிராவியனில் கட்டடக் கணக்கு

கோத்தகிரி, குன்னூர் பக்கம் அக்டோபர், நவம்பர் மழையில் ரோட்டோரம் ஒரு மரம் சாய்ந்தால் போதும், கரண்டும் போகும், டவரும் போகும். கூடலூர்க்காரர்களுக்கு இது ஜூன், ஜூலையிலேயே ஆரம்பம். டிராவியன் என்ற ஆன்லைன் விளையாட்டில் கிராமம் கட்டி, படை சேர்த்து ஆடுவோம், அதில் நாம் இல்லாத நேரத்திலும் எல்லாம் ஓடிக்கொண்டுதான் இருக்கும், அதனால் மலையில் இருந்து ஆடுபவர்கள் எதைக் கட்டுவதானாலும் முதலில் பார்க்க வேண்டியது, நான் எத்தனை மணி நேரம் வராவிட்டால் கிராமம் தாங்கும் என்பதைத்தான்.

வேர்ஹவுஸில் மரம், களிமண், இரும்பு மூன்றும் இருக்கும், ஆனால் கொள்ளளவு ஒவ்வொன்றுக்கும் தனித்தனி. லெவல் 1-இல் 1200, லெவல் 4-இல் 3100, லெவல் 10-இல் 11,800. மணிக்கு 300 மரம் வருகிறது, வேர்ஹவுஸ் லெவல் 4 என்றால், காலியாக விட்டுப் படுத்தாலும் 10 மணி நேரத்தில் நிரம்பிவிடும். அதற்குமேல் வருவதெல்லாம் வீண், பறித்த பச்சைத் தேயிலை அன்றே ஃபாக்டரி போய்ச் சேராத மாதிரிதான். மழை மாதங்களில் ஒரு முழு நாள் வரவு கொள்ளும்படி ஏற்றி வையுங்கள். மற்ற நாட்களில் 12 மணி நேரத்துக்குக் கொண்டால் போதும், மீதியை வயல்களில், அதாவது மரம், களிமண், இரும்பு, தானியம் விளையும் இடங்களில், போடலாம்.

சாதாரணக் கிராமத்தில் 18 வயல்: மரம் 4, களிமண் 4, இரும்பு 4, தானியம் 6. இதில் களிமண்தான் முதலில் இடிக்கும். மரவெட்டி இடம் லெவல் 1 கட்ட 100 களிமண், தானிய வயலுக்கு 90, வேர்ஹவுஸுக்கு 160 என்று எல்லாமே அதைத்தான் கேட்கும், களிமண் குழிக்கு மட்டும் 40 போதும். அதனால் குழிகளை ஒரு படி முன்னால் ஏற்றுங்கள். ஒரே வயலை மட்டும் உயர ஏற்றிக்கொண்டே போகாமல், லெவல் குறைந்ததை முதலில் எடுங்கள், ஏனென்றால் மேலே போகப் போக ஆகிற செலவுக்குக் கிடைக்கிற வரவு குறைவு. மரம், களிமண், இரும்பு வயல் ஒன்று லெவல் 10 தொட்டதும் அதற்குரிய ஆலையைக் கட்டலாம், தானியத்தின் மாவு ஆலைக்கு வயல் லெவல் 5 போதும். வரவு ஆலையின் லெவலுக்கு 5 சதவீதம் வீதம் 25 சதவீதம் வரை கூடும்.

தானியத்தில் விளையாடாதீர்கள். மக்கள்தொகையும் சாப்பிடும், படையும் சாப்பிடும், கணக்கு மைனஸில் போய் கிரானரியும் (தானியக் கிடங்கு) காலியானால் வீரர்கள் பட்டினியில் சாவார்கள். இரண்டு நாள் நெட் இல்லாமல் போனால் பெரிய படை வைத்திருப்பவருக்குத்தான் முதல் அடி, ஆகவே வானம் கருக்கும்போது புதுப் படை பயிற்சிக்குப் போடுவதை நிறுத்திவிட்டுத் தானிய வயலை ஏற்றுங்கள்.

சரி, கட்டும் வரிசை. நீங்கள் ஆன்லைனில் இருக்கும்போது சீக்கிரம் முடிகிற வேலைகள், படுக்கப் போகும் முன் இருப்பதிலேயே நீளமான வேலை. விளையாட்டில் நாம் தேர்ந்தெடுக்கும் இனங்களில் ஒன்றான ரோமானியர்களுக்கு ஒரே நேரத்தில் உள்ளே ஒரு கட்டடம், வெளியே ஒரு வயல் என்று இரண்டும் ஓடும், மலைக்காரர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன். கையில் மிஞ்சியதைச் செலவழித்துவிட்டே வெளியேறுங்கள், கிரானி என்ற பதுக்கிடத்தில் ஒளிக்க முடிகிற அளவுக்கு மேல் கிடப்பதெல்லாம் பக்கத்துக் கிராமத்தான் ரைடு வந்தால் அள்ளிக்கொண்டு போவதற்குத்தான்.

அப்புறம் சிட்டர், அதாவது நாம் இல்லாதபோது நம் கணக்கைப் பார்த்துக்கொள்பவர். இரண்டு பேரை வைத்துக்கொள்ள விளையாட்டே அனுமதிக்கிறது, பாஸ்வேர்டு கொடுக்க வேண்டியதில்லை. அதில் ஒருவராவது கோவையிலோ மேட்டுப்பாளையத்திலோ இருக்கட்டும், இரண்டு பேருமே ஊட்டி என்றால் ஒரே காற்றில் மூன்று பேருக்கும் நெட் போய்விடும்.