பிக்அப் வண்டிக்கு வீட்டிலேயே எஞ்சின் மாற்றியது: என் அனுபவம்

பொலேரோ பிக்அப்பில் எஞ்சினைக் கழற்றுவதைவிட, மாற்று எஞ்சினைக் கியர்பாக்ஸோடு சேர்ப்பதுதான் பெரிய வேலை. பேட்டரி வயரை முதலில் எடுத்து, ஆயில், கூலன்ட் வடித்து, ரேடியேட்டரை இறக்கினேன். கழற்றும் ஒவ்வொரு வயர் சாக்கெட்டுக்கும் டேப் ஒட்டி எண் போடுங்கள். தூக்க 2 டன் செயின் பிளாக் தாராளம். கியர்பாக்ஸுக்கு அடியில் ஜாக்கி கட்டாயம். இல்லையென்றால் அது தொங்கி மவுன்ட் ரப்பரைக் கிழிக்கும்.

எஞ்சின் வெளியே இருக்கும்போதே கிளட்ச் பிளேட், ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங், பின்பக்க ஆயில் சீல் எல்லாம் புதிதாகப் போட்டுவிட்டேன். இதில் கஞ்சத்தனம் வேண்டாம். பிளேட்டை சென்டரிங் கம்பி வைத்து நடுவில் நிறுத்தி, கவர் போல்ட்டைக் குறுக்கு முறையில் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

எஞ்சினைத் திரும்ப ஏற்றும்போது, பெல் ஹவுசிங் (கிளட்ச்சை மூடும் கியர்பாக்ஸின் மணி வடிவ முன் உறை) எஞ்சினோடு கையால் தள்ளியே முழுதாக மூட வேண்டும். ஒரு விரல் இடைவெளி நின்றால், போல்ட் போட்டு இழுக்கவே இழுக்காதீர்கள். பிளேட் ஹப் வளையும், ஹவுசிங் காது உடையும். பின்சக்கரம் தரையில் இருக்க, டாப் கியரில் போட்டு, கிராங்க் புல்லி போல்ட்டை ஸ்பேனரால் மெல்லத் திருப்பினேன். கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டின் ஸ்ப்ளைன் (நீள வாட்டப் பல்வரிகள்) பிளேட் ஹப்பில் பொருந்தியதும் 'டக்'கென்று உள்ளே போனது.

எஞ்சினுக்கும் சேசிஸுக்கும் இடையிலுள்ள எர்த் பட்டையை மறந்தால், ஸ்டார்ட்டர் கரன்ட் கிடைத்த கேபிள் வழியே ஓடி அதைக் கருக்கிவிடும். டீசல் லைனில் புகுந்த ஏரை எடுக்க கை பம்ப் மட்டும் போதும். காமன் ரெயில் எஞ்சினில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து உயர் அழுத்த டீசல் போகும் வகை) ஹைபிரஷர் பைப்பைத் தளர்த்தாதீர்கள், பீறிடும் டீசல் தோலைத் துளைக்கும்.

எஞ்சின் எண் மாறுவதால் ஆர்.டி.ஓ. அனுமதியை முன்கூட்டியே வாங்கி, ஆர்.சி.யிலும் பதிந்துவிடுங்கள்.