கூலிங் பேப்பர் ஒட்டும் முன்: கார் கண்ணாடிச் சட்டத்தைப் புரிந்துகொள்ளும் முறை

பெங்களூரில் அல்சூரிலிருந்து வைட்ஃபீல்டுக்குக் காரில் வேலைக்குச் செல்பவர், காலையில் கிழக்கு நோக்கியும் மாலையில் மேற்கு நோக்கியும் ஓட்டுவதால், இரு வேளையும் வெயிலை முகத்திலேயே வாங்குகிறார். வண்டி வாங்கிய கையோடு ஜே.சி. ரோட்டுக் கடைகளுக்குப் போய்க் கண்ணாடிக்குக் கூலிங் பேப்பர் எனப்படும் ஃபிலிமை ஒட்டிவிடலாம் என்று அவருக்குத் தோன்றுவது இயல்பே. ஆனால் கடைக்காரரிடம் விலை கேட்பதற்கு முன் சட்டத்தைப் படிப்படியாகப் பார்த்துவிட வேண்டும்.

படி 1: இரண்டு எண்களை நினைவில் வையுங்கள்.
மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் 100ஆம் விதிப்படி, முன் கண்ணாடியும் பின் கண்ணாடியும் குறைந்தது 70 விழுக்காடு ஒளியையும், பக்கக் கண்ணாடிகள் குறைந்தது 50 விழுக்காடு ஒளியையும் உள்ளே விட வேண்டும். இவை கறுப்பின் அளவு அல்ல, ஊடுருவும் ஒளியின் அளவு. எண் குறையக் குறையக் கண்ணாடி இருளும். மத்திய விதி என்பதால், ஓசூரைத் தாண்டினாலும் இதுவே பொருந்தும்.

படி 2: கண்ணாடியையும் ஃபிலிமையும் பிரித்துப் பாருங்கள்.
பெரும்பாலோர் தடுமாறுவது இங்கேதான். அவிஷேக் கோயங்கா என்பவர் தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 2012 ஏப்ரல் 27 அன்று அளித்த தீர்ப்பு, தொழிற்சாலையிலேயே நிறமேற்றப்பட்டு மேற்கண்ட அளவுக்குள் இருக்கும் கண்ணாடியை ஏற்றுக்கொண்டது. ஆனால் வாங்கிய பிறகு அதன் மேல் ஒட்டப்படும் கறுப்பு ஃபிலிமை, அதன் ஒளி அளவு எதுவாயினும், 2012 மே 4 முதல் தடை செய்தது. பின்னர் விதியில் 'பாதுகாப்புக் கண்ணாடி' என்பதோடு, உட்புறத்தில் பிளாஸ்டிக் படலம் கொண்ட வகையையும் உள்ளடக்கும் திருத்தம் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் அடிப்படையில், 70, 50 என்ற அளவுகளுக்கு உட்பட்ட ஃபிலிமை ஒட்டலாம் என்று கேரள உயர் நீதிமன்றம் 2024 செப்டம்பரில் கூறியது. அந்தத் தீர்ப்பை நம்பிப் பெங்களூருச் சாலையில் போக்குவரத்துக் காவலரிடம் வாதாடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவர் கையில் இருப்பது 2012ஆம் ஆண்டுத் தீர்ப்பு.

படி 3: பெருக்கிப் பாருங்கள்.
'எழுபது பர்சென்ட் ஃபிலிம் சார், ஒண்ணும் ஆகாது' என்று ஒரு கடையில் எனக்கும் சொன்னார்கள். ஃபிலிமைத் தனியே கையில் பிடித்து ஒளி அளக்கும் மீட்டர் வைத்துக் காட்டவும் செய்தார்கள். காவலர் அளந்தால் ஒட்டிய கண்ணாடியை அல்லவா அளப்பார்? பக்கக் கண்ணாடி ஏற்கெனவே 70 விழுக்காடு ஒளியைத்தான் விடுகிறதென்றால், 70 விழுக்காட்டு ஃபிலிம் ஒட்டியதும் 0.7 × 0.7 கணக்கில் கிடைப்பது 49. எல்லைக்கு ஒன்று குறைவு! முன் கண்ணாடியில் இந்தக் கணக்குக்கே இடமில்லை. 75 விழுக்காட்டுக் கண்ணாடிமேல் 90 விழுக்காட்டு ஃபிலிம் ஒட்டினாலும் 67.5தான் மிஞ்சும்.

படி 4: உங்கள் கண்ணாடியின் மூலையைப் படியுங்கள்.
கீழ் மூலையில் பொறித்திருக்கும் முத்திரையில், பாதுகாப்புக் கண்ணாடிக்கான ஐ.எஸ். 2553 என்ற இந்தியத் தர எண் இருக்கிறதா என்று பாருங்கள். முன் கண்ணாடி இரண்டு தகடுகளுக்கிடையே படலம் வைத்து ஒட்டப்பட்டது. அந்தப் படலமே புற ஊதாக் கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடுவதால், தோல் கறுக்கும் என்ற அச்சத்தில் அங்கே ஃபிலிம் தேவையில்லை.

படி 5: அபராதம்.
மோட்டார் வாகனச் சட்டத்தின் 177ஆம் பிரிவின்படி முதல் முறை 500 ரூபாய் வரையும், அடுத்தடுத்த முறைகளுக்கு 1,500 ரூபாய் வரையும் விதிக்கலாம். அத்துடன், ஃபிலிமை அந்த இடத்திலேயே உரித்துவிடவும் 2012ஆம் ஆண்டுத் தீர்ப்பு காவலருக்கு இடமளிக்கிறது. செலவழித்த பணத்தைக் கணக்கிட்டால் இதுவே பெரிய இழப்பு.

பழைய கார் வாங்கி, அதில் ஃபிலிம் ஏற்கெனவே ஒட்டியிருந்தால், பெயர் மாற்றத்துக்கு முன்பே நீக்கிவிடுங்கள். ஹேர் டிரையரால் சூடேற்றினால் பசை இளகி மெதுவாக உரிந்து வரும். பின் கண்ணாடியில் மட்டும் பிளேடு வைக்காதீர்கள். பனியை நீக்கும் மெல்லிய கம்பிக் கோடுகள் அதன் உட்புறத்தில்தான் ஓடுகின்றன.